லைனை நிறுத்துற உரிமையை அக்கா கையில கொடுத்தோம்

வருஷக் கடைசி வந்தாலே எங்க பினாங்கு பாயான் லெப்பாஸ் பக்கம் ஃபேக்டரிங்கள்ல அப்ரைசல் சீசன், அதாவது ஒவ்வொருத்தர் வேலையையும் மதிப்பு போட்டு எழுதுற நேரம், வந்துரும். அந்த ஃபாரத்தை எடுத்துப் பாருங்க, இந்த ஆளு எதுல கெட்டிக்காரர்னு எழுத ஒரு சின்னக் கட்டம், எங்கெங்க குறை, எப்பத் திருந்தணும், என்ன ட்ரெய்னிங் போகணும்னு எழுத மீதி பக்கம் பூரா. எழுதுறவங்களும் மேல இருக்கிற கட்டத்துல "ஹார்ட் வொர்க்கிங், குட் டீம் பிளேயர்"னு எல்லாருக்கும் ஒரே வரியைப் போட்டுட்டு, கீழ வந்த பிறகுதான் பேனாவையே ஒழுங்கா புடிக்கிறாங்க. நான் லைன் லீடரா இருந்து இப்ப சூப்பர்வைசரா இருக்கேன், ரெண்டு பக்கமும் உக்காந்து பாத்தவன்ங்கிற உரிமையில சொல்றேன், ஒரு டீமை நல்லா நடத்தணும்னா அந்தச் சின்னக் கட்டத்துலதான் நம்ம நேரத்தைப் போடணும்.

ஏன்னா குறையைக் கண்டுபிடிக்கிறது ரொம்ப சுலபம், அது தானா வந்து நம்ம கண்ணுல விழும். லேட்டா வந்தா தெரியும், ரிப்போர்ட் தப்பா இருந்தா தெரியும், மீட்டிங்ல பேசாம உக்காந்திருந்தா தெரியும். ஒருத்தருக்கு என்ன நல்லா வருதுங்கிறது அப்படித் தெரியாது, பக்கத்துல போய் நின்னு பாக்கணும், பல நேரம் அவங்களுக்கே தெரியாது, "இதுல என்னண்ணே இருக்கு, எல்லாரும் செய்றதுதானே"ம்பாங்க. அந்த "எல்லாரும் செய்றதுதானே"ங்கிற பேச்சு வந்தா நான் உடனே காதைத் தீட்டிக்குவேன், ஏன்னா அது எல்லாராலயும் செய்ய முடியாததாத்தான் இருக்கும்.

ஒரு அக்காவைப் பத்தி சொல்றேன். எலக்ட்ரானிக் போர்டு மேல பொடிப் பொடி பார்ட்ஸை மெஷின் வச்சு ஒட்டுற எங்க எஸ்.எம்.டி. லைன் கடைசியில இன்ஸ்பெக்‌ஷன் செய்றவங்க. தோட்டத்துல பொறந்து வளந்தவங்க, கல்யாணம் ஆகி பினாங்கு வந்து இதே வட்டாரத்துல வருஷக்கணக்கா வேலை. அவங்க அப்ரைசல்ல ஒவ்வொரு தடவையும் கம்யூனிகேஷன் வீக்னுதான் இருக்கும். மீட்டிங்ல இங்கிலீஷ்ல கேட்டா தலையை ஆட்டுவாங்க, மலாய்ல கேட்டா ஒரு வார்த்தை சொல்வாங்க, அவ்வளவுதான். ரெண்டு தடவை ப்ரெசென்டேஷன் ட்ரெய்னிங்கும் அனுப்பினாங்க, போனாங்க, வந்தாங்க, ஒண்ணும் மாறல.

அந்த நேரத்துல ஒரு போர்டுல டூம்ஸ்டோன் டிஃபெக்ட் வந்துக்கிட்டே இருந்துச்சு. தெரியாதவங்களுக்கு சொல்றேன், 0402னு ஒரு கெப்பாசிட்டர் இருக்கு, நீளம் 1 மில்லிமீட்டர், அகலம் அதுல பாதி, ஒரு சீனித் துகள் மாதிரி. அதோட ரெண்டு முனையும் போர்டுல இருக்கிற ரெண்டு பேட், அதாவது சின்ன உலோகத் தட்டு மேல, சோல்டர் பேஸ்ட்ங்கிற உலோகப் பசையில உக்காந்து, அதை உருக்குற ரீஃப்ளோ ஓவனுக்குள்ள போகும். ஈயம் இல்லாத சோல்டர் 217 டிகிரி கிட்ட உருக ஆரம்பிக்கும். ரெண்டு பக்கமும் ஒண்ணா உருகி ஒண்ணா இழுத்தா பிரச்சனை இல்ல, ஒரு பக்கம் முந்திக்கிச்சுன்னா அது இழுக்கிற இழுப்புல அந்தப் பொடிசு எழுந்து கல்லறைக் கல் மாதிரி நட்டுக்க நின்னுரும். எஞ்சினியர்ங்க எல்லாம் ஓவன் மேலதான் சந்தேகப்பட்டாங்க, டெம்பரேச்சர் ப்ரொஃபைலை மாத்தி மாத்தி ஓட்டிப் பாத்தாங்க, ஒரு நாள் குறையும் மறுநாள் வந்துரும்.

நான் ஒரு மத்தியானம் சும்மா அக்கா டேபிள் பக்கம் போய் நின்னேன். ரிஜெக்ட் போர்டை எல்லாரும் ட்ரேல குமிச்சு வைப்பாங்க, இவங்க சீரியல் நம்பர் வரிசையா அடுக்கி, ஒவ்வொண்ணுலயும் அந்த இடத்தைக் காட்ட ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, வரிசைக்கு நடுவுல நடுவுல ஒரு வெறும் அட்டையைச் சொருகி வச்சிருந்தாங்க. யாரும் அப்படி வைக்கச் சொல்லல. அந்த அட்டை என்னாக்கானு கேட்டேன். "அது பிரேக்கு தம்பி. இங்க பாருங்க, பிரேக் முடிஞ்சு லைன் ஓட ஆரம்பிச்சா முதல்ல வர்ற போர்டுங்கள்லதான் இது நிக்குது, அப்புறம் தானா சரியாயிருது. எல்லாம் ஒரே பக்கமாத்தான் நிக்குது, பாத்தீங்களா"ன்னாங்க.

அவ்வளவுதான், விஷயம் முடிஞ்சிருச்சு. அந்த லைன் மட்டும் சாப்பாட்டு பிரேக்குக்கு நிறுத்துவோம், நிறுத்தின நேரத்துல ஸ்டென்சில், அதாவது போர்டுல பேஸ்ட் அச்சடிக்கிற ஓட்டை போட்ட தகடு, அது மேல இருக்கிற பேஸ்ட் காஞ்சு சின்ன ஓட்டைங்கள்ல கொஞ்சம் அடைச்சிருது, திரும்ப ஓட்டும்போது ஒரு பேட்ல நிறைய ஒரு பேட்ல கம்மின்னு பேஸ்ட் விழுது. ஓவன் மேல தப்பே இல்ல. பிரேக் முடிஞ்சதும் ஸ்டென்சிலைத் துடைச்சு, பேஸ்டை நல்லா கலக்கி, முதல் பிரிண்டைப் பாத்துட்டு ஓட்டுங்கன்னு ஒரு வேலையைச் சேத்தோம், டூம்ஸ்டோன் அடங்கிருச்சு.

இப்ப சொல்லுங்க, இவங்களுக்கு கம்யூனிகேஷன் வீக்கா? சிவப்பு அம்பும் வெறும் அட்டையும் வச்சு இவங்க சொன்னதை இருவது பக்க ஸ்லைடுல யாராலயும் இவ்வளவு தெளிவா சொல்லிருக்க முடியாது. அவங்க பேசுற விதம் அது, நம்ம காதுதான் மீட்டிங் ரூம்ல இருந்துச்சு. அதுக்கப்புறம் நாங்க அவங்களை எந்த ப்ரெசென்டேஷன் ட்ரெய்னிங்குக்கும் அனுப்பல, புது மாடல் ட்ரயல் ரன் வந்தா ப்ராசஸ் எஞ்சினியர் பக்கத்துலயே அவங்களை நிக்க வைக்கிறோம், டெய்லி மீட்டிங்கை அவங்க டேபிள்கிட்டயே நின்னு நடத்துறோம், எஞ்சினியர் போர்டைப் பாத்து நோட் எடுத்துக்கிறாரு.

இதோட நிறுத்தியிருந்தா பாராட்டினதோட போயிருக்கும், அதனாலதான் இந்தப் பதிவே எழுதுறேன். தெரிந்துவினையாடல் அதிகாரத்துல 517ஆவது குறளை நம்ம ஆளுங்க எல்லா மேடையிலயும் சொல்வாங்க, இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல். சரிதான், ஆனா அதுக்கு அடுத்த குறளை யாரும் தொடறதில்ல. "வினைக்குரிமை நாடிய பின்றை அவனை அதற்குரிய னாகச் செயல்." இந்த வேலைக்கு இவன்தான் தகுந்தவன்னு பாத்து முடிவு பண்ணிட்டியா, அப்புறம் அவனையே அதுக்கு உரியவனா ஆக்கிருங்கறாரு. இந்த ரெண்டாவது குறள்லதான் பாதி மேனேஜருங்க நின்னுபோறாங்க. திறமையைப் பாத்துருவாங்க, கை தட்டுவாங்க, போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடுவாங்க, அதிகாரத்தை மட்டும் தர மாட்டாங்க. எங்க இடத்துலயும் பெரிய பேச்சு நடந்துச்சு, கடைசியில அந்த அக்கா ஒரே மாதிரி டிஃபெக்ட் தொடர்ந்து வர்றதைப் பாத்தா யாரையும் கேக்காம லைனை நிறுத்தலாம்னு எழுத்துல வாங்கினோம். லைன் நின்னா ஒவ்வொரு நிமிஷமும் காசு, அதனால இது சும்மா கிடைக்கிற உரிமை இல்ல. முதல் தடவை நிறுத்தினப்ப அவங்க கை நடுங்கினதை நான் பாத்தேன், இப்ப நிறுத்திட்டு நேரா பேஸ்ட் அச்சடிக்கிற பிரிண்டர் பக்கம் நடந்து போறாங்க.

இந்த சிந்தனை புதுசு ஒண்ணும் இல்ல. மேனேஜ்மென்ட் பத்தி எழுதின பீட்டர் ட்ரக்கர் 1967லயே எழுதிட்டாரு, ஒருத்தரை வேலைக்கு வைக்கிறது அவரால எது முடியும்ங்கிறதைப் பாத்துத்தான், குறை இல்லாத ஆளாத் தேடினா சுமாரான ஆளுங்கதான் சேருவாங்கன்னு. அப்புறம் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துல சைக்காலஜி வாத்தியாரா இருந்த டொனால்ட் கிளிஃப்டன், மனுஷனோட கோளாறையே படிச்சிக்கிட்டு இருக்கோமே, நல்லா செய்றவங்களைப் படிச்சா என்னன்னு கிளம்பினவரு. அவரு வேலையில இருந்துதான் கருத்துக்கணிப்பு நடத்துற கேலப் கம்பெனியோட 34 திறமை வகை கொண்ட டெஸ்ட் வந்துச்சு, செஞ்சு முடிக்கிறது, அடுத்தவங்களை அசைக்கிறது, உறவு வளக்கிறது, யோசிச்சுத் திட்டம் போடுறதுன்னு அதை நாலு கூட்டமா பிரிச்சிருப்பாங்க. அதே கேலப் கம்பெனி ஊழியர்ங்ககிட்ட கேக்குற 12 கேள்வியில ஒண்ணு எனக்கு ரொம்பப் புடிக்கும், உங்களுக்கு எது நல்லா வருமோ அதைச் செய்ய தினமும் வாய்ப்பு கிடைக்குதாங்கிறது. தினமும்ங்கிறதுதான் அதுல முக்கியம். ஆனுவல் டின்னர்ல கூப்பிட்டு ஒரு நாள் மாலை போடுறது கணக்குல வராது.

அந்த டெஸ்ட்டை நான் குறை சொல்லல, தன்னைப் பத்தி யோசிக்கவே பழக்கமில்லாதவங்களுக்கு அது பேச ஒரு வாசலைத் திறந்து விடும். ஆனா டெஸ்ட் எடுத்து, வந்த அஞ்சு வார்த்தையை பேட்ஜ் மாதிரி மேசையில ஒட்டிட்டு மறுநாள் அதே வேலையை அதே மாதிரி செய்றாங்கன்னா காசு வீண். இங்க 10 பேருக்குக் குறையாம மலேசியர்ங்களை வச்சிருக்கிற கம்பெனிங்க 2001ஆம் வருஷச் சட்டப்படி சம்பளத்துல 1 விழுக்காடு மனிதவள லெவி கட்டுறாங்க, அந்தப் பணம் ட்ரெய்னிங்குக்குத்தான் இருக்கு. குறையை அடைக்கிற கோர்ஸுக்கே அதைச் செலவழிக்காம, ஏற்கனவே நல்லா செய்றவங்களை இன்னும் ஒரு படி ஏத்துற கோர்ஸுக்கு கிளெய்ம் பண்ணுங்கன்னு நான் எச்.ஆர். ஆளுங்ககிட்ட கேட்டுக்கிட்டே இருக்கேன். அக்காவுக்கு சோல்டர் ஜாயின்ட் தரம் பாக்குற கோர்ஸ் போட்டுக் கொடுத்தோம், முன்னாடி போன ட்ரெய்னிங்குக்கெல்லாம் கூப்பிட்டா உடம்பு சரியில்லம்பாங்க, இதுக்கு காலையில முதல் ஆளா வந்து நின்னாங்க.

இன்னொரு பையன், டெக்னீஷியன், பட்டர்வொர்த்துல இருந்து மோட்டார்ல பாலம் தாண்டி வருவான். கையெழுத்து போட்ட ஃபாரம் ஒண்ணு கூட முழுசா இருக்காது, ஆனா வாய் இருக்கே, தமிழ், மலாய், பினாங்கு ஹொக்கியன், வங்காளதேசத்து ஆளுங்ககிட்ட அவங்க பாஷையில நாலு வார்த்தை, எல்லாத்துலயும் எல்லாரையும் சிரிக்க வச்சிருவான். பேசியே டைம் வேஸ்ட் பண்றான்னு கம்ப்ளெயின்ட் வரும். எங்களுக்கு 12 மணி நேர ஷிப்ட், காலையில 7 மணிக்கு ஆள் மாறும்போதுதான் பாதி தகராறு, போன ஷிப்ட் என்ன மெஷினைத் தொட்டுச்சு, மெஷினுக்குப் பார்ட்ஸ் ஊட்டுற எந்த ஃபீடர் மக்கர் பண்ணுதுன்னு லாக் புக்ல எழுதி இருக்கும், யாரும் படிக்க மாட்டாங்க. இவனை அந்த ஹேண்டோவருக்குப் போட்டோம், அடுத்த ஷிப்ட் ஆளோட லைன் பூரா நடந்து, மெஷின் மெஷினா நின்னு, வாயால சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். எழுத்து வேலை? அதை விட முடியாது, ஆடிட்டர் வந்தா பேப்பர்தான் பேசும். அதே டீம்ல ஒரு மலாய்க்கார காக், அதாவது அக்கா, இருக்காங்க, முத்து முத்தா எழுதுவாங்க, ஃபைல் கட்டுறதுல அவங்களுக்கு ஒரு சந்தோஷம். இவன் சொல்லச் சொல்ல அவங்க எழுதுறாங்க, அதுக்கு பதிலா அவங்களுக்குப் புடிக்காத கனமான ஃபீடர் மாத்துற வேலையை இவன் செய்றான். எங்கிட்ட கேக்காமலே அவங்களா பேசி அதை முடிவு பண்ணினதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

தைப்பூசத்துக்கு தண்ணீர்ப்பந்தல் போடுறவங்களுக்கு இதெல்லாம் சொல்லித் தரவே வேணாம். பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டுல இருந்து வெள்ளித் தேர் கிளம்பி முருகன் கோயில் இருக்கிற தண்ணீர்மலைக்கு வர்ற அந்த வழி பூரா பந்தல், 2017ல இருந்து தங்கத் தேரும் வருது. எங்க பந்தல்ல சம்பளம் கிடையாது, அப்ரைசல் கிடையாது, புடிக்கலன்னா மறு வருஷம் வரமாட்டாங்க, அதனால அவங்கவங்களுக்கு வர்ற வேலையைத்தான் கொடுத்தாகணும். பானை பானையா சோறு வடிக்கிற மாமாவை கவுன்டர்ல நிக்க வச்சா கூட்டத்தைப் பாத்து கோபப்பட்டுருவாரு, அடுப்பு பக்கம் விட்டா ராத்திரி பூரா முகம் மலர்ந்திருக்கும். கணக்கு பாக்குற தங்கச்சி ஒரு மூட்டை அரிசிக்கு எத்தனை பொட்டலம்னு மனசுலயே போட்டு, இன்னும் ஒரு மணி நேரத்துல கப் தீந்துரும்ணான்னு முன்கூட்டியே சொல்லிரும். மலை ஏறப் போறவங்க, 513 படி ஏறிட்டு இறங்கி வர்றவங்கன்னு களைப்பா வர்ற வயசானவங்களைப் பாத்ததும் நாற்காலியோட ஓடுற ரெண்டு பசங்க இருக்காங்க, அவனுங்களுக்கு யாரும் அந்த வேலையைக் கொடுக்கல. அந்த மூணு நாள் அவ்வளவு பேரை அவ்வளவு அழகா நடத்துற அதே ஆளுங்க ஃபேக்டரிக்குள்ள லீடர் ஆனதும் ஃபாரத்தைத் தூக்கிக்கிட்டு குறை எண்ண ஆரம்பிக்கிறாங்க, அதைப் பாக்கத்தான் எனக்கு வருத்தமா இருக்கு.

கெட்டிக்காரங்களா பாத்து ஒண்ணா சேத்தாலும் சரிப்படாது, அதையும் சொல்லிடறேன். இங்கிலாந்துல மெரிடித் பெல்பின்னு ஒருத்தர் ஹென்லி மேனேஜ்மென்ட் கல்லூரியில மேனேஜருங்களை டீம் டீமா பிரிச்சு பிஸ்னஸ் கேம் ஆட வச்சு பாத்தாரு, அறிவுல டாப்பா இருக்கிறவங்களை மட்டும் சேத்து அப்போலோன்னு பேரு வச்ச டீமுங்க ஜெயிக்கும்னு பாத்தா அடிக்கடி பின்னாடி வந்து நின்னுச்சு. ஆளாளுக்கு வாதம், அடுத்தவன் சொல்றதுல ஓட்டை கண்டுபிடிக்கிறது, முடிக்கிறதுக்கு ஆள் இல்ல. ஒரே திறமை பத்து பேருக்கு இருந்து என்ன, விட்டுப்போனதைப் பாத்து எடுத்துச் செய்ற ஒருத்தர் வேணும்.

அப்புறம் சில குறைங்களை எந்தத் திறமையும் மூட முடியாது, இதுல நான் ரொம்பக் கறாரு. மெஷினைத் திறக்கிறதுக்கு முன்னாடி பவரை ஆஃப் பண்ணி பூட்டு போட்டு டேக் மாட்டணும்னா மாட்டணும், ஸ்டாட்டிக் கரண்ட் போர்டைக் கெடுக்காம இருக்க கையில கட்டுற ரிஸ்ட் ஸ்ட்ராப் இல்லாம போர்டைத் தொடக்கூடாது, பொய் ரீடிங் எழுதக்கூடாது, பக்கத்து ஆளை இழிவா பேசக்கூடாது. இவன் எங்க பெஸ்ட் டெக்னீஷியன்னு சொல்லி இதுல ஒண்ணுக்கு கண்ணை மூடினாலும் மத்தவங்க எல்லாரும் அதைப் பாத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க. ஒரு திறமையை அளவுக்கு மேல ஓட்டினாலும் கெடுதல்தான், எல்லாத்துலயும் துல்லியம் பாக்குறவர் சாயங்காலம் அனுப்ப வேண்டிய சாமானைக் கூட விடமாட்டாரு, அங்க போதும்னு சொல்ல லீடர் வேணும்.

எனக்கு ரொம்பக் கவலை தர்றது வேற. நல்லா செய்றாங்கன்னு தெரிஞ்சிட்டா எல்லா வேலையையும் அவங்க தலையிலயே கட்டிருவோம், கிரேடு ஏறாது, அலவன்ஸ் ஏறாது, "உங்களை விட்டா யாருக்கா"ங்கிற பேச்சு மட்டும் ஏறும். அது திறமையை வளக்கிறது இல்ல, சுரண்டுறது. ஒருத்தரோட பலத்தை வச்சு டீம் ஓடுதுன்னா அது அவங்க சம்பளச் சீட்டுல தெரியணும். அக்காவுக்கு கிரேடு வாங்கித் தர்றதுக்கு, கல்வித் தகுதி எஸ்.பி.எம்., அதாவது அஞ்சாம் படிவப் பரீட்சை, வேணும்ங்கிற வரியோட பெரிய போராட்டம், டிஃபெக்ட் குறைஞ்ச கணக்கைக் காட்டி வாங்கினோம். நம்ம ஆளுங்கள்ல எத்தனையோ பேரு பள்ளிக்கூடத்துல கடைசி வகுப்புல உக்காந்து, உனக்கு இது வராது அது வராதுன்னு கேட்டே வளந்தவங்க, வேலைக்கு வந்தும் அதையே கேக்குறாங்க. 1972ல இங்க ஃப்ரீ ட்ரேட் ஸோன் ஆரம்பிச்ச காலத்துலயிருந்து மைக்ராஸ்கோப்புல கண்ணை வச்சு முடியை விட மெல்லிசான தங்கக் கம்பியைச் சிப்புல ஒட்டின அம்மாக்கள், அக்காக்கள் இந்த வட்டாரத்துல இருந்திருக்காங்க, அந்தக் கண்ணும் கையும் எவ்வளவு பெரிய அறிவுன்னு அவங்ககிட்ட யார் சொல்லியிருப்பா?

புதுசா லீடர் ஆகுற தம்பி தங்கச்சிங்க எங்கிட்ட வந்து எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேப்பாங்க. இன்டர்வியூல உங்க பலம் என்னன்னு கேக்காதீங்க, மனப்பாடம் பண்ணின பதில்தான் வரும். எந்த வேலை செய்யும்போது மணி போறதே தெரியலன்னு கேளுங்க, மத்தவங்க எந்த விஷயத்துக்கு உங்களைத் தேடி வர்றாங்கன்னு கேளுங்க, அப்புறம் கேக்குறதை விட்டுட்டு பாருங்க, யாரும் சொல்லாம யார் என்ன செய்றாங்கன்னு. அதுக்கு ஆபீஸ்ல உக்காந்திருந்தா ஆகாது.

ஃபேக்டரி சுவத்துல ஸ்கில் மேட்ரிக்ஸ்னு ஒரு சார்ட் தொங்கும்ல, ஆள் பேரு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம், நடுவுல நாலு பாகமா பிரிச்ச வட்டம், தெரிஞ்ச அளவுக்கு கறுப்படிப்பாங்க. எங்க சார்ட்ல இப்ப ஒரு பத்தி கூட சேத்திருக்கோம், இந்த ஆளு யாருக்குச் சொல்லித் தர்றாங்கன்னு. அக்கா லீவு போட்டா லைன் தவிக்கக் கூடாதில்லையா, அவங்க ரெண்டு பேரைப் பழக்குறாங்க. நைட் ஷிப்ட்ல அந்த மாதிரி கண்ணு உள்ள ஆள் யாருன்னு தேடினதுல, நேபாளத்துல இருந்து வந்த ஒரு தம்பி பேஸ்ட் டப்பாவை ஃப்ரிட்ஜுல இருந்து எடுத்த நேரத்தைத் தன் கையால மூடி மேல எழுதி வைக்கிறதைப் பாத்தேன், சிஸ்டத்துல ஏற்கனவே இருக்கு, ஆனா அவனுக்கு நேருல தெரியணுமாம். அவனோட கான்ட்ராக்ட் முடியப் போகுது, ஆபரேட்டர் வேலைக்குன்னுதான் பெர்மிட், எழுதி இருக்கிறதைத் தாண்டி பொறுப்பு கொடுக்க முடியாதுங்கறாங்க. முதல்ல கான்ட்ராக்டை நீட்டிக்கச் சொல்லி அவன் எழுதின மூடிங்களைப் போட்டோ எடுத்து மெயில்ல வச்சிருக்கேன், வர்ற திங்கள்கிழமை எச்.ஆர். கூட உக்காரணும்.